வாசலில் நல்ல கூட்டம்

ரொட்டிக்கடைக்காரர் தம் கடையின் மொட்டை மாடியில் ஐந்து தேனீப் பெட்டிகள் வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். யார் வந்தாலும், வந்த காரியத்தைச் சொல்ல விடாமல் மாடிக்கு இழுத்துக்கொண்டு போய், இது நீலம், சாதுவான கூட்டம், அது மஞ்சள், அதற்கு மூக்குக்கு மேல் கோபம் என்று பெற்ற பிள்ளைகளைப் போல அறிமுகப்படுத்துவார். அன்றைக்கு அவர் வாயைத் திறக்கவில்லை. தேனீ ஆய்வாளர் நீலப் பெட்டியின் முன்னால் மண்டியிட்டு, ஓர் அடையைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இன்னொரு கையில் ஒரு தீக்குச்சி இருந்தது.

தீக்குச்சி எதற்கு என்று தேனீ வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். புழு வளர்கிற அறையின் மெழுகு மூடி உள்வாங்கி, நிறம் மங்கி, நடுவில் பொத்தல் விழுந்திருந்தால் சந்தேகம். அந்த அறைக்குள் குச்சியை விட்டுக் கிளறி மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். காப்பி நிறத்தில் கோந்து போல நூல் நூலாக இழுபட்டு வந்தால் அது புழு அழுகல் நோய். அதற்கு மருந்து கிடையாது. ஈக்களைக் கொன்று, அடை, தேன், பெட்டி எல்லாவற்றையும் குழியில் போட்டு எரித்து மண்ணை மூட வேண்டும். காய்ந்த மரத்தில்கூட அந்த நோயின் வித்து வருஷக்கணக்காகத் தூங்கும், பிறகு ஒரு நாள் எழுந்து வேலையைக் காட்டும். அதனால் அவள் கையில் குச்சியைப் பார்த்ததும் பெரிய பெரிய மீசைக்காரர்களும் இரண்டடி பின்னால் போவார்கள். முதுகுக்குப் பின்னால் அவளுக்குத் ‘தீக்குச்சி’ என்றே பெயர். அவள் வண்டி ஒரு தெருவில் திரும்பினால் அடுத்த தெருவுக்குப் போன் போய்விடும். அவளுக்கு இது தெரியும், அவள் கண்டுகொண்டதில்லை.

குச்சி வெளியே வந்தது. கூடவே நூலும் வந்தது. விரல் நீளத்துக்கு இழுபட்டுப் பிறகு அறுந்தது.

மஞ்சள் பெட்டியிலும் அப்படியே. மற்ற மூன்றும் தப்பித்திருந்தன. அவற்றின் ஈக்களை உதறிப் புதுப் பெட்டிக்கும் புது மெழுகுத் தகடுக்கும் மாற்றிக் கண்காணிப்பில் வைக்கலாம், தகடும் பெட்டியும் நானே கொண்டுவருகிறேன், கூட இருந்து மாற்றியும் தருகிறேன், கோடை முடிவதற்குள் அலுவலகப் பண்ணையிலிருந்து நோயில்லாத கூட்டம் ஒன்று வாங்கித் தருகிறேன் என்று அவள் சொன்னாள். எல்லாம் சரியாகத்தான் சொன்னாள். போன வருஷம்வரை இதே வார்த்தைகளைச் சொல்லும்போது அவள் குரலில் ஓர் ஈரம் இருக்கும். இப்போது ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று அறிவிக்கிற குரலாக அது இருந்தது.

“எங்கேர்ந்து வந்துச்சு மேடம்? அத மட்டும் சொல்லுங்க” என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

பக்கத்தில் எங்கோ ஒரு பெட்டி செத்துப் போய், தேனோடு கவனிப்பாரற்றுக் கிடக்கிறது, உங்கள் ஈக்கள் அங்கே போய்த் திருடியிருக்கின்றன, தேனோடு நோயையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கின்றன என்றாள் அவள். அவருடைய ஈக்கள் திருடின என்றதும், பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைப் பற்றிப் புகார் வந்த தகப்பன்போல அவர் முகம் சுருங்கியது. எல்லா ஈயும் திருடும், காவலில்லாத வீட்டில் தேனை வைத்தால் எது விடும் என்று அவள் சொன்னபிறகுதான் கொஞ்சம் சமாதானமானார். உடனே கோபம் வேறு பக்கம் திரும்பியது.

“அந்த ஆள் பேர நீங்க சொல்ல மாட்டீங்க, உங்க ஆபீஸ் சட்டம் எனக்குத் தெரியும். ஆனா கண்டுபிடிச்சதும் நான் சொன்னேன்னு ஒண்ணு சொல்லுங்க. மூடியத் தூக்கிப் பாக்கக்கூட மனசு வராதவனுக்கு எதுக்கு தேனீ?”

சொல்கிறேன் என்றாள்.

அந்த ஊர்த் தேனீக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியைப் பறிகொடுத்தவர் தம் குழியைத் தாமே வெட்டக்கூடாது. கடைசியாக யார் எரித்தாரோ அவர்தான் வந்து வெட்ட வேண்டும். இதில் பாசமும் உண்டு, கணக்கும் உண்டு. எரித்தவருடைய துணியிலும் செருப்பிலும் ஏற்கெனவே நோய் பட்டிருக்கும், இன்னொருவரை எதற்கு இழுத்துவிட வேண்டும் என்பது கணக்கு. அதன்படி ஆற்றுப் பக்கத்திலிருந்து ஒரு தையல்காரர் மண்வெட்டியோடு வந்து, கடைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் ரொட்டிக்கடைக்காரருக்காகக் குழி வெட்டினார். ஈக்கள் எல்லாம் வீடு திரும்பியபிறகு அவள் வாசல்களை அடைத்து, செய்ய வேண்டியதைச் செய்தாள். மெழுகு எரியும்போது நல்ல வாசனை வரும், அதுதான் கொடுமை. ரொட்டிக்கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அவள் அழவில்லை. எட்டு மாதமாக அவள் எதற்கும் அழவில்லை. அவள் புருஷன் ஒரு மின்பொருள் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டி ஒன்றைத் தூக்கி மேல்தட்டில் வைத்தவன் அப்படியே சரிந்து விழுந்தான், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் தகவல் சொன்ன டாக்டரிடம் ‘சரிங்க’ என்று சொன்னவள் அவள். சொந்தக்காரர்கள் வந்து கட்டிக்கொண்டு கதறினார்கள், அவர்களுக்கு அவள் தண்ணீர் கொடுத்தாள். கல் நெஞ்சுக்காரி என்று சின்ன நாத்தனார் சொன்னது அவள் காதில் விழுந்தது. கல்லும் இல்லை, ஒன்றும் இல்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப் போகுமே, எழுந்து நின்றால் தரை இருப்பதே தெரியாதே, அப்படி இருந்தது அவளுக்கு. சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்குப் போனாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

வீட்டில் அவளும் மாமனாரும் மட்டும். மாமனார் ஆயுசு பூராவும் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மகன் போனபிறகு இருவருக்கும் பேசப் பொதுவாக ஒரே விஷயம்தான் மிஞ்சியிருந்தது. வீட்டுக்குப் பின்னால், மதில் ஓரமாக மகன் வைத்திருந்த இரண்டு தேனீப் பெட்டிகள்.

மாமனாருக்குத் தேனீ என்றால் ஆகாது. ஒரு தடவை உதட்டில் கொட்டு வாங்கியபிறகு பத்தடி தள்ளியே நிற்பார். ஆனால் மகன் இறந்து குளிர்காலம் கழிந்து வெயில் வந்ததும், தினமும் தேநீரை எடுத்துக்கொண்டு பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். முதலில் பெட்டி வாசலில் ஒன்றையும் காணோம். பிறகு ஒன்றிரண்டு வந்தன. அப்புறம் பார்த்தால் திருவிழாக் கூட்டம்தான். சாயங்காலம் அவள் வீடு திரும்பியதும் சொல்லுவார்.

“இன்னைக்கு ஃபுல் லோடும்மா. ரெண்டு வண்டிலயும் நிக்கக்கூட இடமில்ல.”

அவர் சிரித்து அவள் பார்த்தது அந்த நேரத்தில் மட்டும்தான். அவன் போனாலும் அவன் பெட்டி ஓடுகிறது என்பது அவருக்குச் சாப்பாடு மாதிரி. அவளும் சமையலறை ஜன்னலில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டே பார்ப்பாள். வாசலில் மொய்க்கிற கூட்டத்தைப் பார்த்ததும் நெஞ்சில் இருக்கிற கட்டி ஒரு சுற்று தளர்வதுபோல இருக்கும். கிட்டே போனதில்லை. அந்த மூடிகளைக் கடைசியாக மூடிச் செங்கல் வைத்தது அவன் கை. இன்னும் அந்தச் செங்கல் அப்படியே இருந்தது. தவிர, சொந்த வீட்டுப் பெட்டியைத் தானே சோதிக்கக்கூடாது, சக ஆய்வாளர்தான் வந்து பார்க்க வேண்டும் என்று அலுவலகத்தில் விதி இருந்தது. அவரும் வசந்தத்தின் தொடக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். பிறகென்ன?

ரொட்டிக்கடையை நடுவில் வைத்து, ஒரு தேனீ பறக்கிற தூரத்துக்கு வட்டம் போட்டுக்கொண்டு அவள் தேட ஆரம்பித்தாள். முடிதிருத்தும் கடையின் பின்கட்டில் ஒரு பெட்டி. நோயில்லை, ஆனால் உண்ணி கொஞ்சம் அதிகம். கடைக்காரர் ஒரு கையில் கத்தரிக்கோலுடன் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு குவளை ஈக்களை மாவுச் சர்க்கரையில் குலுக்கி உண்ணியைக் கொட்டிக் காட்டினாள். அவருக்கு அன்றிரவு உடம்பெல்லாம் அரித்திருக்கும். கணக்கு வாத்தியார் வீட்டுக் கார் கொட்டகையில் இரண்டு. அவர் ராணி ஈயைக் காணோம் என்று ஒரு வாரமாகத் தூங்கவில்லை, அவள் அடையைத் திருப்பிக் காட்டியதும் ராணியைக் கண்டுபிடித்துவிட்டுத் தம் மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார். பட்டறைக்காரர், செவிலி, இரட்டைச் சகோதரிகள் என்று ஒவ்வொரு இடமாகப் போனாள். ஒவ்வொரு இடத்திலும் கையுறையை மாற்றினாள், இரும்பு நெம்பியைத் தீயில் காட்டிச் சுத்தம் செய்தாள். தீக்குச்சிகள் எல்லாம் சுத்தமாகவே வெளியே வந்தன.

தேனீ வளர்க்கிறவர்கள் ஒரு தினுசான ஜாதி. தன் பெட்டியில் எந்தக் குறையும் இருக்காது, இருந்தால் அது அடுத்த வீட்டுப் பெட்டியிலிருந்துதான் வந்திருக்கும். ஆக, ஒவ்வொருவரும் அவளுக்கு வேறொருவரைக் கைகாட்டினார்கள். கைகாட்டிய இடங்களுக்கெல்லாம் போய்விட்டு அலுவலகத்துக்குத் திரும்பி, சுவரில் இருந்த வரைபடத்தின்முன் நின்றாள். வட்டத்துக்குள் பார்க்காத இடம் ஒன்றும் இல்லை. சக ஆய்வாளர் பக்கத்து மேஜையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். சாவு வீட்டில் முழு நாளும் நின்று நாற்காலி எடுத்துப் போட்டவர்.

எங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா என்று அவரிடம் கேட்டாள்.

அவர் தேநீரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமலேயே சொன்னார்.

“வாசல்ல நல்ல கூட்டம் இருந்துச்சு. பெரியவர் பின்வாசல்லயே நின்னுட்டிருந்தாரு. அந்த வீட்ல போய், உங்க வீட்டுக்காரர் வச்ச செங்கல நான் எப்படிம்மா எடுக்கிறது?”

அவள் அவரைத் திட்டவில்லை. அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதைத்தான் செய்திருப்பாள். வண்டியை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனாள்.

மத்தியான வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. மாமனார் உள்ளே கண்ணயர்ந்திருந்தார். அவள் பின்பக்கம் போய், ஜன்னலுக்குப் பின்னால் நிற்காமல், பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவுடனேயே தெரிந்துவிட்டது. ஊரெல்லாம் பூத்துக் கிடக்கிற நேரம். குஞ்சுக்கு ஊட்ட வேண்டிய வீடு என்றால், வருகிற ஈ ஒவ்வொன்றும் காலில் மஞ்சள் மகரந்த உருண்டையைச் சுமந்துகொண்டு வரும். இங்கே ஒன்றின் காலிலும் ஒரு பொட்டு மகரந்தம் இல்லை. எல்லாம் வெறுங்காலோடு வந்தன. வாசலில் காவல் ஈ கிடையாது, யாரும் யாரையும் தடுக்கவில்லை. வந்தவை இடுக்கு இடுக்காக மோந்துகொண்டு நுழைந்தன, வயிறு முட்டக் குடித்துவிட்டு வெளியே வந்தவை பாரம் தாங்காமல் தரைவரை தாழ்ந்து பிறகு எழும்பின. திருடர்கள். பெட்டிக்குச் சொந்தக்காரர்கள் ஒருத்தர்கூட இல்லை.

செத்த பெட்டி கொள்ளை போகிறபோது ஊரிலேயே செழிப்பான பெட்டிபோலத் தெரியும், வாசல் கூட்டத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். புதிதாகத் தேனீ வளர்க்க வருகிறவர்களுக்கு அவள் நடத்துகிற முதல் வகுப்பின் முதல் பாடம் இது. படம் போட்டுக் காட்டுவாள். அவளே மூன்று மாதமாகக் கையில் சோப்பு நுரையோடு நின்று இந்தக் கொள்ளையைப் பார்த்து ஆறுதல் பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

செங்கலை எடுத்துக் கீழே வைத்தாள். மூடி பிசினால் ஒட்டிக்கொண்டிருந்தது, நெம்பினாள். உள்ளே தேனடைகள் கடித்துக் குதறப்பட்டு, அடித்தட்டில் மெழுகுத் தூள் மரத்தூள்போலக் குவிந்து கிடந்தது. அதற்குள் காய்ந்த ஈக்கள். குஞ்சு அடையைத் தூக்கி வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தபோது ஒவ்வோர் அறையின் அடியிலும் புழு அழுகிக் காய்ந்த கறுப்புச் செதிள் ஒட்டியிருந்தது. நூல் இழுபடுகிற காலமெல்லாம் தாண்டிவிட்டது. குச்சியே தேவைப்படவில்லை. இரண்டாவது பெட்டியும் அப்படித்தான். அவன் போன கொஞ்ச நாளிலேயே இவையும் போயிருக்க வேண்டும். இலையுதிர்காலத்திலேயே நோய் இருந்திருக்கும், அவன் ஒருவேளை பார்த்திருப்பான், அவளிடம் சொல்லலாம் என்று நினைத்திருப்பான். இனி அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

மனசுக்குள் ஒன்றும் ஆகவில்லை. ரொட்டிக்கடைக்காரர் சொல்லச் சொன்ன வார்த்தையைத் தனக்கே ஒருமுறை சொல்லிக்கொண்டாள். நியாயமான வார்த்தைதான். மூடிகளை வைத்து, இரண்டு வாசல்களையும் ஈரத்துணி திணித்து அடைத்து, இடுக்குகளில் நாடா ஒட்டினாள். திருட்டு இத்தோடு நிற்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அடைத்த வாசலின் முன்னால் ஈக்கள் திரண்டு, கதவைத் தட்டுகிறவர்கள்போல முட்டத் தொடங்கின.

“என்னம்மா பண்றே?”

மாமனார் தூக்கக் கலக்கத்தோடு பின்வாசலில் நின்றார். பிறகு பத்தடி எல்லையை மறந்து கிட்டவே வந்துவிட்டார்.

“வெளில போனவங்கல்லாம் வந்துட்டாங்க பாரு. கதவச் சாத்திட்டியே, எப்படி உள்ள போவாங்க?”

பெட்டியில் நோய் இருக்கிறது, சாயங்காலம் எரிக்க வேண்டும் என்றாள். எல்லாரிடமும் சொல்கிற அதே குரலில் சொன்னாள். அவர் புரியாமல் பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உள்ள இருக்கிறவங்க?”

செத்துப்போச்சு மாமா, அவர் போனபோதே எல்லாம் செத்துப்போச்சு. இதைச் சொன்னால் முடிந்தது. வார்த்தை தொண்டைவரை வந்தது. ஆனால் இத்தனை நாள் அவர் நாற்காலி போட்டுப் பார்த்தது, ஃபுல் லோடு என்று பூரித்தது எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கரியாகிவிடும். மகன் இரண்டாம் தடவை செத்துப்போவான். அவள் வேறு வார்த்தையை எடுத்தாள்.

“எல்லாத்தையும் பெட்டியோட எரிச்சுக் கொன்னுதான் ஆகணும் மாமா. சட்டம்.”

கிழவர் அவளை ரொம்ப நேரம் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவளை ஒரு தடவைகூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. “உன் வேலை அதுதானே” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெறுக்கட்டும் என்று அவள் நினைத்தாள். வெறுப்பதற்கு ஓர் ஆள் இருந்தால் மனுஷன் கொஞ்ச நாள் ஓட்டிவிடுவார்.

வழக்கப்படி குழி வெட்ட ரொட்டிக்கடைக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். பெயர் சொல்லக்கூடாது என்கிற சட்டம் அடுத்தவர் பெயருக்குத்தான். அவள் கடைக்குப் போனபோது அவர் அடுப்பிலிருந்து தட்டுகளை இழுத்துக்கொண்டிருந்தார், கைமுட்டிவரை மாவு.

“அந்தப் பெட்டி கிடைச்சிடுச்சு. என் வீட்டுப் பெட்டி. அவர் வச்சது. நீங்க சொல்லச் சொன்னத என்கிட்டயே சொல்லிட்டேன்.”

ஒரு வாரமாக அந்த மனிதர் அந்த ஆளுக்காகத் திட்டு சேர்த்து வைத்திருந்தார், அது அவர் முகத்திலேயே தெரிந்தது.  வரிசையில் நின்ற ஒரு பெண்ணுக்கு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். பிறகு எப்போது வரணும் என்று கேட்டார். மாமனாரிடம் பெட்டி முன்பே செத்துவிட்டது என்று மூச்சுவிட வேண்டாம், இன்றைக்குத்தான் கொல்லப்போவதாகச் சொல்லியிருக்கிறேன் என்று அவள் கேட்டுக்கொண்டாள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

சாயங்காலம் மண்வெட்டியோடு வந்து, மதிலுக்கும் துணிக் கொடிக்கும் நடுவில் குழியை வெட்டினார். நல்ல ஆழமாக, ஓரமெல்லாம் செதுக்கி வெட்டினார். ஈக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்து அவர் மாடியைப் பார்த்துப் போய்விட்டன. அவள் விறகை அடுக்கினாள். முதல் பெட்டியை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கும்போது கதவு திறந்தது.

மாமனார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். தலையைப் படிய வாரியிருந்தார்.

“கீழ வைங்க. ஒரு நிமிஷம்.”

வைத்தார்கள். பெட்டியின் முன்னால் சிரமப்பட்டு முட்டி போட்டு உட்கார்ந்தார். பக்கவாட்டுப் பலகையில் கையை வைத்தார். உதட்டில் வாங்கிய கொட்டுக்குப் பயந்து பத்தடி தள்ளி நின்ற மனிதர், காதையே பலகையில் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டார். மகன் ஒருமுறை அவரைக் கட்டாயப்படுத்தி இப்படிக் காதை வைக்கச் சொல்லியிருக்கிறான், எப்பவும் உள்ளே எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்கும்பா என்று. அவள் அதை நினைக்கவில்லை. நினைத்திருந்தால் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கவே மாட்டாள்.

உள்ளே சத்தமே இல்லை. அவர் காதை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே, அப்புறம் மேலே வைத்துக் கேட்டார். ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். ரொட்டிக்கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எப்போ?” என்றார் மாமனார், கண்ணைத் திறக்காமலே.

இன்றைக்குத்தான் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். கிழவர் காதை இன்னும் பலகையில் வைத்திருந்தார். அவளால் முடியவில்லை.

“குளிர்காலத்துலயே மாமா. அவர் போய்க் கொஞ்ச நாள்லயே.”

“அப்ப நான் பாத்ததெல்லாம்?”

அவள் பதில் சொல்வதற்குள் ரொட்டிக்கடைக்காரர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் குந்தினார்.

“என் பசங்கதான் ஐயா. கடைக்கு மேல, மாடில இருக்காங்க. தினம் அவங்கதான் வந்துட்டுப் போயிருக்காங்க.”

திருடினார்கள் என்று அவர் சொல்லவில்லை. மாமனார் அந்த முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, அவர் தோளில் கையை வைத்து, உங்களுடையதும் எரிந்து போச்சாமே தம்பி என்று விசாரித்தார். இரண்டு, என்றார் ரொட்டிக்கடைக்காரர். எங்களாலயா என்று கிழவர் கேட்டதும் அவர் எழுந்து போய் மண்ணைக் கிளற ஆரம்பித்தார். ஏற்கெனவே கிளறிய மண்தான்.

மாமனார் அவளிடம் திரும்பினார்.

“நீயும்தானே ஜன்னல்ல நின்னு பாத்தே. உனக்குத் தெரியாமலா?”

“கிட்டப் போகல மாமா. போயிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். போகல.”

“அப்ப, கொல்லப்போறேன்னு ஏன் சொன்னே? நான் உன்ன என்னென்னமோ நெனச்சிட்டேனே.”

அவள் யோசித்தாள். உங்களுக்காகத்தான் சொன்னேன் என்று சொல்லலாம், அதுவும் பொய்யில்லை. ஆனால் பெட்டியின் முன்னால் முட்டி போட்டிருக்கிற மனிதரிடம் பாதி உண்மையைச் சொல்ல அவளுக்கு வரவில்லை.

“செத்துட்டாங்கன்னு சொல்றதவிட, கொல்லப்போறேன்னு சொல்றது எனக்குச் சுலபமா இருந்துச்சு.”

கிழவர் எழுந்திருக்கக் கையை நீட்டினார், அவள் பிடித்துத் தூக்கிவிட்டாள். இரண்டு பெட்டிகளையும் குழியில் இறக்கினார்கள். அவளே பற்ற வைத்தாள். காய்ந்த மரம், மெழுகு, மிச்சத் தேன், எல்லாம் சட்டென்று பிடித்துக்கொண்டது. அதே நல்ல வாசனை எழுந்து வீடு முழுக்கப் போனது.

அப்போதுதான் மாமனார் அழ ஆரம்பித்தார். சாவு அன்றைக்கு வந்தவர்களுக்காக அழுத அழுகை வேறு. இது அடிவயிற்றிலிருந்து, வாயைப் பிளந்துகொண்டு, சத்தமே வராமல் வந்தது. விழுந்துவிடாமலிருக்க அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நாற்பது வருஷம் ஸ்டியரிங்கைத் திருப்பிய கை. அவர் குலுங்கக் குலுங்கப் பிடி இறுகியது.

அவளுக்கு அழுகை வரவில்லை. தீயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரொட்டிக்கடைக்காரர் குச்சியால் மரத்தைத் தள்ளி விட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான், மணிக்கட்டு வலிக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. நன்றாகவே வலித்தது. எலும்புவரை வலித்தது.

வலிக்குது மாமா என்று சொன்னால் விட்டுவிடுவார். அவள் சொல்லவில்லை.